முருங்கை மாதிரித் தறிச்ச செரிமரம்

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கட வீட்டில தகப்பனும் மகளும் நேர கதைக்கேல்லை. கதைச்சதெல்லாம் என்னைக்கொண்டுதான். மகளுக்கு டார்ம்ஸ்டாட்டில வேலை, நாங்கள் வுப்பர்டாலில, ரெண்டும் ஜெர்மனியில. ஞாயிற்றுக்கிழமை பூசையால வந்த உடன நான் அவளுக்குப் போன் எடுப்பன். ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைக்கிறது. மனிசன் பக்கத்துக் கதிரையில பேப்பரோட இருப்பார். அவள் சொல்லுறது ஒவ்வொண்டும் அவருக்கு வடிவாக் கேக்கும். ஆனாலும் அவள், அப்பாட்டச் சொல்லுங்கோ குளுசையை ஒழுங்காப் போடட்டாம் எண்டுவாள். இவர் பேப்பரில இருந்து கண்ணை எடுக்காமல், போட்டாச்செண்டு சொல்லும் எண்டுவார். நான் நடுவில இருந்து, போட்டிட்டாராம் பிள்ளை எண்டு சொல்லவேணும். நான் சொல்லாட்டில் ரெண்டு பேரும் அப்பிடியே வாயை மூடிக்கொண்டு இருப்பினம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருக்கிற உத்தியோகம் மாதிரி, அதுவும் சம்பளமில்லாத உத்தியோகம். பிடிவாதத்தில ரெண்டும் ஒரே அச்சு. மூக்கும் அப்பிடித்தான்.

சண்டை தொடங்கினது மண்டபத்தால. மகள் தன்னோட வேலை செய்யிற தமிழ்நாட்டுப் பெடியன் ஒருத்தனை விரும்பி, ஒருநாள் வீட்டை கூட்டிக்கொண்டு வந்தவள். நல்ல பெடியன், எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். எதைக் கேட்டாலும் "நோ ப்ராப்ளம் ஆன்ட்டி" எண்டுவான். நான் வைச்ச மீன்குழம்பின்ர உறைப்பில கண்ணால தண்ணி வடியேக்கையும் அதைத்தான் சொன்னவன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மனிசனுக்குச் சந்தோசம் தலைக்கேறிப் போச்சு. ஆரையும் ஒரு வார்த்தை கேக்காமல் நிச்சயார்த்தத்துக்கு மண்டபம் பிடிச்சு, மேடைச் சோடினைக்காரனுக்கும் சொல்லி, கோயிலடியில கண்ட சனத்தையெல்லாம் கூப்பிட்டும் போட்டார். பிளாஸ்ரிக் பூத் தூண், ராசா ராணிக் கதிரை, புகை விடுற மிசின், எல்லாம் இருக்காம்.

மகள் கேள்விப்பட்டிட்டு, இது ஆருக்கு நடக்கிற நிச்சயார்த்தம் எண்டு கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இவருக்குச் சனத்துக்கு முன்னால தன்ர முகம் போகுதெண்டு கோவம். மண்டபத்தை விட்டால் தான் அந்தப் பக்கமே வரமாட்டன் எண்டு போனில கத்தினார். பிறகு அவள், "அம்மா, அப்பாட்டச் சொல்லுங்கோ, வராட்டிப் பரவாயில்லை" எண்டாள். அதுதான் முதலாவது அப்பாட்டச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு அவள் அவரை நேர அப்பா எண்டு கூப்பிடவே இல்லை. மனிசன் வெளியில வீரம் காட்டினார். சாப்பாட்டு மேசையில சோத்தை அளைஞ்சுகொண்டு இருக்கிறதை நான்தானே கண்டன். அவருக்கு அவள் எண்டால் உயிர்.

நான் அங்கையும் இஞ்சையும் தூது போய், கடைசியில மகள் இறங்கி வந்து ஒண்டே ஒண்டு கேட்டாள். மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம். எங்கட தோட்டத்துச் செரிப்பழ மரம் பூத்திருக்கேக்கை அதுக்குக் கீழ நிண்டு மோதிரம் மாத்தவேணும். பாதரும் ரெண்டு குடும்பமும் கிட்டின சிநேகிதரும் போதும். ஸ்பீக்கரில எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்த மனிசனுக்கு நான் திருப்பி ஒருக்காச் சொன்னன். அவர் தாடையைச் சொறிஞ்சார்.

"சரியெண்டு சொல்லும். மரத்துக்கு நான் பொறுப்பெண்டும் சொல்லும்."

எனக்கு உடன ஓடிப்போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தவேணும் போல இருந்தது. தவக்காலத்தில விசேசம் வைக்கேலாது. பெடியன்ர தாய் தகப்பன் இந்தியாவில இருந்து வந்து நிக்கிற நாளையும் பாக்கவேணும். அதால உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை எண்டு முடிவாச்சு. போன வருசம் அந்த நேரம் மரம் வெள்ளை வெளேரெண்டு நிண்ட படம் என்ர போனில இருந்தது.

தோட்டம் எண்டால் வீட்டோட சேர்ந்த தோட்டம் இல்லை. இஞ்சை மாடிவீடுகளில இருக்கிற ஆக்களுக்கு ஊர் விளிம்பில துண்டு துண்டாக் காணியைக் குத்தகைக்குக் குடுக்கிற சங்கங்கள் இருக்கு. ஒரு சின்னக் குடில், ஒரு துண்டு நிலம், அதுக்குத் தாங்காத அளவுக்குச் சட்டம். எங்கட துண்டு நல்ல மேட்டில. நான் அதில வெங்காயமும் பூசணியும் பச்சை மிளகாயும் போடுவன். மனிசன் குடில் வாசலில இருந்துகொண்டு நான் பிழையாக் கொத்துறனெண்டு சொல்லுவார். செரிமரம் எங்களுக்கு முன்னம் இருந்த குத்தகைக்காரர் வைச்சது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில அதுக்குக் கீழ இருந்துதான் வீட்டுவேலை செய்யிறது, பழக்கொட்டையை ஆர் தூரத் துப்புறதெண்டு தகப்பனோட போட்டி போடுறது. நான் ரெண்டு பேரையும் பேசிக் களைச்சிருக்கிறன்.

பாக்காமல் விட்டதில மரம் நல்லா உயர்ந்து போச்சு. அந்த வருசம் ஐப்பசிக் காத்துக்கு ஒரு கொப்பு முறிஞ்சு பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடாரத்தில விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரி ஒரு ஜெர்மன் மனிசி. என்ர வயதுதான், புருசன் செத்துப்போனார், வாய் கொஞ்சம் நீளம், நல்ல மனம். அவ பெரிசாக் கோவிக்கேல்லை. சங்கத் தலைவர்தான் வேலிக்கு அங்கால நிண்டு கதைச்சார். மரம் சட்டம் சொன்ன உயரத்துக்கு மேல போயிட்டுதாம். மாசி முடியிறதுக்குள்ள உச்சிக் கொப்புகளை எடுக்கவேணுமாம். பிறகு குருவி கூடு கட்டுற காலம், பெரிய வெட்டு வெட்டேலாதாம். எடுக்காட்டில் மரத்தை அடியோட தறிக்கவேண்டி வருமாம். சொல்லிப்போட்டு எனக்கு நல்ல ஞாயிறு வாழ்த்தும் சொல்லிப்போட்டுப் போனார்.

மனிசன் முந்தின மாதிரியெண்டால் ஏணியை வைச்சு ஏறியிருப்பார். இப்ப இருதயக் குழாயில ஸ்ரென்ற் வைச்ச ஆள். ஏணி, கூரை, மரம் ஒண்டிலயும் ஏறக்கூடாதெண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கே நான் ஏணியைக் கோயிலுக்குக் குடுத்திட்டன். ஆள் கனநாளாப் புறுபுறுத்தார். கூலிக்கு ஆளைப் பிடிப்பமெண்டாலும் கேக்கமாட்டன் எண்டார். மரத்துக்குத் தான் பொறுப்பெண்டு சொன்னதாம், கூலிக்காரன் பொறுப்பெண்டு சொல்லேல்லையாம்.

பிறகு ஆணியில இருந்து கதவு வரைக்கும் விக்கிற பௌமார்க்ட் கடையில ஒரு தடியைக் கண்டார். அலுமினியக் குழாய்க்குள்ள குழாய். திருகைத் தளர்த்தி இழுத்தால் மாடி யன்னலைத் தொடும், சுருக்கினால் என்ர உயரம். நுனியில ரெண்டு தலை மாத்தி மாத்திப் போடலாம். ஒண்டு வளைஞ்ச வாள். மற்றது கொளுக்கியோட ஒரு கத்தரி. கொளுக்கியைக் கொப்பில மாட்டிப்போட்டுக் கீழ நிண்டு கயிறை இழுத்தால் மேல கத்தரி கடிக்கும். கரண்ட் தேவையில்லை, பெற்றோல் தேவையில்லை, கைப்பலம்தான். மனிசன் அதைக் கடைக்குள்ளயே நீட்டிப் பாத்து, இது எங்கட கொக்கத்தடி எல்லோ எண்டார். மாங்காய் பிடுங்கிற கொக்கத்தடியைத் தாங்கள்தான் ஜெர்மன்காரனுக்குக் காட்டிக் குடுத்த மாதிரி முகத்தில ஒரு பெருமை.

எங்களிட்டக் கார் இல்லை. வுப்பர்டாலில ஆத்துக்கு மேல தொங்கிக்கொண்டு ஓடுற ரயில்தான் எங்கட போக்குவரத்து. வளைவு வந்தால் பெட்டி ஆடும். இவர் தலைகளைப் பையில போட்டுக் குழாயை மட்டும் மடியில வைச்சிருந்தார். திருகை இறுக்கேல்லை. பெட்டி ஆட, தடி தன்பாட்டில நீண்டு, முன்சீட்டில இருந்த வயதுபோன ஒருத்தற்ற தொப்பியை மெதுவாத் தூக்கினது. அவர் திரும்பிப் பாத்தார். மனிசன் எழும்பி நிண்டு மன்னிப்புக் கேட்டு, தொப்பியைத் தன்ர கையாலயே அவற்ற தலையில வைச்சு விட்டார். நான் ஆரோ முன்பின் தெரியாத ஆளோட வந்த மாதிரி ஆத்தைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

மாசி கடைசிச் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனம். காஞ்ச குளிர், காத்தில்லை. மனிசன் கண்ணுக்குப் பெரிய கண்ணாடியும் தலைக்கு மகளின்ர பழைய சைக்கிள் தொப்பியும் போட்டுக்கொண்டு நிண்டார். நான் சிரிக்கேல்லை, கஸ்ரப்பட்டு அடக்கினன். தடி வேலை பாக்கத்தான் லேசு. கொப்புக்கு நேர கீழ நிக்கக்கூடாது, வெட்டின கொப்பு வெட்டின ஆளின்ர தலையிலதான் வரும். தள்ளி நிண்டு தடியைச் சரிவாப் பிடிக்கவேணும். வாள் இழுக்கேக்கைதான் அறுக்கும், தள்ளேக்கை சும்மா போகும். முதல்ல கொப்பின்ர அடிப்பக்கம் ஒரு கீறல் போட்டிட்டுத்தான் மேலால அறுக்கவேணும். இல்லாட்டில் பாதியில முறிஞ்சு, மரத்தின்ர தோலையும் உரிச்சுக்கொண்டு வரும். தடி நீள நீள நுனி ஆடும். ஆடுற வாளை ஒரே கீறலுக்குள்ள வைச்சிருக்கிறதுதான் பெரும்பாடு. மரத்தூள் முகத்தில கொட்டும், கழுத்து பின்னுக்கு மடிஞ்சு விறைக்கும்.

அவர் அறுக்க, நான் கொப்பில மாட்டின கயிறைப் பிடிச்சு விழுற பக்கம் இழுத்தன். சங்கம் சொன்ன உச்சிக் கொப்புகள் ஒவ்வொண்டா நோகாமல் இறங்கினது. பக்கத்துக் கண்ணாடியில ஒரு கீறலும் விழேல்லை. நல்ல வெட்டு. எனக்கே மனிசனில ஒரு பெருமை வந்து, பிளாஸ்கில இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். அதோட நிப்பாட்டியிருந்தால் இதை எழுதுறதுக்கு ஒண்டும் இருந்திராது.

எனக்கு முதியோர் இல்லம் ஒண்டின்ர குசினியில வேலை. அண்டைக்குப் பின்னேர வேலை. நீர் போம், நான் மிச்சத்தைக் கொஞ்சம் சமனா ஒப்புரவாக்கிப்போட்டு வாறன் எண்டார். போனன். அடுத்த நாள் பூசை முடியத் தோட்டத்துக்குப் போய்ப் படலையைத் திறந்தால் செரிமரத்தைக் காணேல்லை. அடிமரம் நிண்டது. அதில கையில்லாத சட்டை மாதிரி நாலைஞ்சு மொட்டைக் கட்டை. மற்றதெல்லாம் நிலத்தில. மனிசன் எனக்கு முன்னமே வந்து நடுவில கொக்கத்தடியோட நிண்டு, நான் ஏதும் நல்ல வார்த்தை சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு நிண்டார்.

"இஞ்சருங்கோ, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"வடிவாத் தறிச்சு விட்டிருக்கிறன். இனிப் பாரும், பூத்துக் குலுங்கும்."

அவருக்குத் தெரிஞ்ச மரம் முருங்கை. காய் முடியக் கொப்பெல்லாத்தையும் தறிச்சு மொட்டையா விட்டால், புதுக் குருத்து வெடிச்சு வந்து, கொஞ்சக் காலத்தில மரம் பூவால நிறையும். முருங்கைக்கு அது சரி. செரிக்குப் பூமொட்டு போன கோடையிலயே பழைய கொப்பில வந்து குந்தியிடும். குளிர் முழுக்க அதிலதான் நித்திரை. நான் நிலத்தில கிடந்த கொப்பொண்டை எடுத்து அவற்ற முகத்துக்கு நேர பிடிச்சன். கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தா மொட்டு. தடி எட்டின இடமெல்லாம் வெட்டியிருக்கிறார். ஏணியில ஏறியிருந்தாலாவது களைச்சு இறங்கியிருப்பார். இந்தக் கொக்கத்தடி களைக்கவும் விடேல்லை.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. வாயில வந்ததெல்லாம் சொன்னன். முருங்கையையும் விடேல்லை, பௌமார்க்டையும் விடேல்லை, அவற்ற பரம்பரையையும் விடேல்லை. பேசி முடிய எனக்கு அழுகை வந்திட்டுது. மனிசன் அந்த மொட்டையே பாத்துக்கொண்டு குடில் படியில இருந்தார். முகம் செத்துப்போச்சு.

"பிள்ளை நான் வேணுமெண்டு வெட்டினன் எண்டெல்லோ நினைக்கப்போறாள்" எண்டார்.

அதுதான் விசயம். எனக்கும் பூவைப் பற்றிப் பயமில்லை, பூவில்லாமலும் மோதிரம் மாத்தலாம். மண்டபம் வேண்டாமெண்டு சொன்னதுக்கு அப்பா மரத்தை மொட்டையடிச்சுப் பழி தீர்த்திட்டார் எண்டு அவள் நினைச்சால், பிறகு நான் ஆயிரம் தூது போனாலும் சரிவராது. அவளும் இவரைப் போலத்தானே. ஒண்டை மனசில வைச்சால் வைச்சதுதான்.

கொஞ்ச நேரத்தால மனிசன் எழும்பி, விழுந்து கிடந்த கொப்புகளில நல்லதாப் பாத்து எடுத்து, வேலிக்கரையோட என்ர வெங்காயப் பாத்தி ஈரத்தில ஊண்டத் தொடங்கினார். வெட்டின கொப்பு நிலத்தில கிடந்து காயிறதைப் பாத்துக்கொண்டிருக்க அவரால ஏலாது. கிளுவை வெட்டினாலும் பூவரசு வெட்டினாலும் தடியை வேலியில கதியாலா ஊண்டிறது கைப்பழக்கம், அது அங்கை வேர்விட்டுத் துளிர்க்கும். செரி வேர்விடாதெண்டு நான் சொன்னன். கிடக்கட்டும் எண்டார். அவற்ற மனம் ஆறுதெண்டால் ஊண்டட்டும் எண்டு நானும் விட்டிட்டன். பாத்தி முழுக்க ஆளுயரத்துக்குக் கதியால். வெங்காயம் அந்த வருசம் இல்லையெண்டு தெரிஞ்சுபோச்சு.

அடுத்த ஞாயிறு போனில மகள், "அப்பாட்டக் கேளுங்கோ, மரம் எப்பிடி இருக்காம்?" எண்டாள். குளிர்காலம் முழுக்க அவள் தகப்பனிட்ட ஒரு கேள்வி கேட்டது அதுதான், அதுவும் குரல் கொஞ்சம் இளகி. மனிசன் பேப்பரைக் கீழ பதிச்சு வைச்சார். போனைக் கையில எடுக்கப் பாத்து, எடுக்காமல் விட்டார். பிறகு என்னட்ட மெல்ல, நல்லா இருக்காம் எண்டு சொல்லும் எண்டார். சொன்னன். தவக்காலத்தில என்னைப் பொய் சொல்ல வைச்ச பாவம் அவருக்குத்தான் எண்டு ஆண்டவரிட்டயும் சொல்லிப்போட்டன். போனை வைச்ச பிறகு, இதை நீர் அவளுக்குச் சொல்லாதையும், நான்தான் சொல்லவேணும் எண்டார். நேர கதைக்காத ஆள் என்னெண்டு சொல்லுறது எண்டு நான் கேக்கேல்லை. அவருக்கு அது தெரியும்.

பங்குனி முழுக்கக் குளிர். குருத்தோலை ஞாயிறுக்குக் கொஞ்சம் முன்னம் பக்கத்துத் தோட்டக்காரி கூடாரத்துக் கண்ணாடி மாத்த வந்தா. எங்கட மொட்டை மரத்தைப் பாத்து இருமல் வருமட்டும் சிரிச்சா. நான் அழாக்குறையா முருங்கைக் கதையையும் மகளின்ர கதையையும் சொன்னன். அவ கேட்டுக்கொண்டே வெங்காயப் பாத்திக்க வந்து, ஒரு கதியாலின்ர தோலை நகத்தால சுரண்டினா. உள்ளுக்குப் பச்சை. மொட்டெல்லாம் கொழுத்து இருந்தது. இதை ஆர் ஊண்டினது எண்டு கேட்டா. நான் மனிசனைக் காட்டினன். அவர் தனக்கு இன்னும் ஒரு பேச்சு இருக்கெண்டு நினைச்சுக் குடிலுக்குப் பின்னால போனார்.

நீங்கள் கத்தோலிக்கர் எல்லோ, புனிதை பார்பரம்மாளைத் தெரியாதோ எண்டு கேட்டா. இடி மின்னலுக்கு மன்றாடுற பார்பரம்மாளைத் தெரியும், செரியோட என்ன சம்பந்தமெண்டு தெரியாது எண்டன். அவையின்ர வீட்டில மார்கழி தொடக்கத்தில வாற பார்பரம்மாள் திருநாளுக்கு ஒரு செரிக்கொப்பை வெட்டி, தண்ணிச் சாடியில வைச்சு, சூடான அறையில விடுறவையாம். இயேசு பிறந்த நத்தாருக்கு அது பூக்குமாம். உங்கட கொப்புகள் குளிருக்கையும் ஈரத்துக்கையும் நிண்டதால சாகேல்லை, அடியைச் சரிவா வெட்டி இளஞ்சூட்டுத் தண்ணியில வைச்சு, வீட்டுக்க கொண்டுபோங்கோ எண்டா. நான் அவவைக் கட்டிப்பிடிச்சன். அவவுக்கு அது பழக்கமில்லை, ஆனாலும் நிண்டா.

நான் வேலையிடத்துக் குசினியில காலியான மயோனைஸ் வாளி, ஊறுகாய் வாளி எல்லாத்தையும் கேட்டு வாங்கினன். எங்கட மாடிவீடு செரிக்காடாப் போச்சு. குளிக்கிற தொட்டியில கொப்பு, ரீவிக்கு முன்னால கொப்பு, கட்டிலடியில கொப்பு. நான் முகம் கழுவினது குசினியில. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமை முழுக்க மனிசனுக்கு வேற சிந்தனையில்லை. தண்ணி மாத்துறார், மொட்டுக்கு மொட்டு தண்ணி விசிறுறார், ஹீற்றரைக் கூட்டுறார், கூட்டினது கூடிப்போச்செண்டு குறைக்கிறார். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில நிக்கிற ஆளின்ர பாடுதான். பெரிய வெள்ளி சிலுவைப்பாதைக்கும் பாக்கெற்றில ஒரு மொட்டோட வந்து, பாதருக்குத் தெரியாமல் என்னட்டக் காட்டி, வெள்ளை தெரியுதோ எண்டு கேட்டார்.

உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச செவ்வாய் காலமை குளிக்கிற அறையில இருந்து கூப்பிட்டார். ஓடினன். ஒரு பூ விரிஞ்சிருந்தது, சின்னது, கண்ணுக்குக் குத்தாத வெள்ளை. மனிசன் தொட்டிக் கரையில குந்தியிருந்து அதைப் பாத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. தண்ணி விசிறேக்கை பட்டிட்டுது எண்டார். வெள்ளிக்கிழமை ஆகேக்கை வீட்டுக்க நடக்க இடமில்லை, எல்லாம் பூ.

சனிக்கிழமை காலமை பக்கத்துத் தோட்டக்காரி தன்ர வானைக் கொண்டுவந்தா. பெரிய கொப்பெல்லாம் அதில ஏத்தினம். ஏத்தி முடிய எங்களுக்கு இடமில்லை. மிச்சக் கொப்புகளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நாங்கள் தொங்குரயிலில போனம். முந்தித் தடியோட போகேக்கை விலகி இருந்த சனம் இப்ப எழும்பி இடம் விட்டுது. ஒரு பொம்பிளை போட்டோவும் எடுத்தா.

தோட்டத்தில பாத்தால் மேடு முழுக்க ஒரே மண்ணிறம். அந்த வருசக் குளிரில ஒரு செரியும் பூக்கேல்லை, எல்லா மரமும் மொட்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. வெட்டாமல் விட்டிருந்தாலும் உங்கட மரம் இண்டைக்குப் பூத்திராது எண்டு தோட்டக்காரி என்ர காதுக்குள்ள சொன்னா. நான் அதை மனிசனுக்குச் சொல்லேல்லை. சொன்னால் தான் தெரிஞ்சுதான் வெட்டினன் எண்டு தலைகீழா நிண்டிருப்பார்.

கீழ்க்கட்டைகளில நான் கொப்புகளைச் சணல் கயிறால கட்டினன். மேல்கட்டைகளுக்கு ஏணி இல்லை. மனிசன் கொக்கத்தடியை நீட்டி, கத்தரி கடிக்காமல் கயிறை வடிவாச் சுத்திக் கட்டிப்போட்டு, கொளுக்கியில ரெண்டாப் பிரியிற கவர்க்கொப்பாப் பாத்து மாட்டித் தூக்கினார். கவர் கட்டையில போய்க் குந்தவேணும். குந்தும், வழுக்கும், திரும்பத் தூக்குவார். இறக்கிறதுக்கு வாங்கின தடியால ஏத்திறது சரியான கரைச்சல். ஸ்ரென்ற் வைச்ச மனிசன், ஆறுதலாச் செய்யுங்கோ எண்டன். கேக்கிற ஆளே. பாதர் வந்து கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் எண்டு சொன்னார்.

மகளும் பெடியனும் அவன்ர தாய் தகப்பனும் மேட்டுப் பாதையால வந்தினம். சீலைக்கு மேல குளிர்ச்சட்டை. மண்ணிற மேட்டில ஒரே ஒரு வெள்ளை மரத்தைத் தூரத்திலயே கண்டிட்டு, பெடியன்ர தாய் "எவ்ளோ அழகா இருக்கு" எண்டு சொல்லுறது எனக்குக் கேட்டது. மகள் மற்ற மரங்களைப் பாத்தாள். பிறகு எங்கட மரத்தைப் பாத்தாள். நடை கெதியாச்சு. எல்லாரையும் விட்டிட்டு முன்னுக்கு வந்து மரத்துக்குக் கீழ நிண்டாள். வெட்டின கட்டைகள், சணல் முடிச்சு, கீழ கிடந்த மயோனைஸ் வாளி, வெங்காயப் பாத்தியில மிச்சக் கதியால், எல்லாத்தையும் ஒண்டொண்டாப் பாத்தாள். மனிசன் கடைசிக் கொப்பு நுனியில தொங்கத் தடியோட அப்பிடியே நிண்டார்.

"அப்பா, இதை நீங்களோ கட்டினது?"

மனிசன் பழக்கதோசத்தில என்னைப் பாத்தார். "ஓமெண்டு சொல்லும்."

"எனக்கேன் சொல்லுறியள்? பிள்ளை உங்களையெல்லோ கேட்டவள்" எண்டன்.

அவர் அவளைப் பாத்தார். எத்தினையோ மாசத்துக்குப் பிறகு நேரப் பாத்தார்.

"ஓம் பிள்ளை. முருங்கையெண்டு நினைச்சு மொட்டையடிச்சுப் போட்டன். வேணுமெண்டு செய்யேல்லை. நான் வெட்டினதை நான்தானே திருப்பி வைக்கவேணும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள். சிரிச்ச சிரிப்பில கண்ணுக்குப் பூசினதெல்லாம் கன்னத்தால வடிஞ்சுது. நான் கையை நீட்டித் துடைக்கப் போக, காத்தொண்டு வந்து, உச்சியில வைச்ச கொப்பு சரியத் தொடங்கினது. அப்பா, அது விழப்போகுது, அங்கால பிடியுங்கோ எண்டாள். எனக்குத் தெரியும், நீ தள்ளி நில் எண்டார் அவர். தெரிஞ்சால் ஏன் கொளுக்கியை உப்பிடித் திருப்புறியள் எண்டு கேட்டுக்கொண்டு அவள் குளிர்ச்சட்டையைக் கழட்டிப் பெடியன்ர கையில குடுத்திட்டு வந்து தடியைப் பிடிச்சாள். இடப்பக்கம் எண்டாள் அவள். வலப்பக்கம் எண்டார் அவர். பாதர் செபப்புத்தகத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு காத்துக்கொண்டு நிண்டார். ரெண்டு பேரும் ஒரே தடியைப் பிடிச்சு அண்ணாந்து பாத்துக்கொண்டு, நேருக்கு நேர சண்டை பிடிச்சினம். அம்மா, அப்பாட்டச் சொல்லுங்கோ எண்டு ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. நான் வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டன்.